கெடா வென்ற இரண்டு பருவங்கள்

மான்செஸ்டர் யுனைடெட் 1999-இல் மூன்று கிண்ணங்களை வென்ற கதையை நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நம் கெடா காற்பந்துக் குழுவைப் பற்றிக் கேளுங்கள், விழிப்பார்கள்! அஸ்ராய் கோர் பயிற்சியில் 2006-07 பருவத்தில் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் கெடாவுக்கே. மறு பருவத்திலும் அதே மூன்றும்! மான்செஸ்டரால் அது முடியவில்லை.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டக் குழுவின் கோல்காவலர். தோட்டம் கைமாறியதும் லயத்துச் சனம் சுங்கைப்பட்டாணி, கூலிம் என்று சிதறியது. திடலில் வீடுகள் எழும்பின. துக்க வீட்டில்தான் ஒருவரையொருவர் பார்ப்போம். அந்த இரண்டு பருவமும் பழைய ஆட்டக்காரர்கள் எங்கள் தொலைக்காட்சி முன் கூடினார்கள். 2008 மலேசியக் கிண்ண இறுதியில் சிலாங்கூரை 3-2 என வென்ற இரவு, "அந்த இரண்டு கோலையும் நான் தடுத்திருப்பேன்" என்றார் அப்பா. வயது 67! ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மறுபடி தேநீர் கலக்கப் போனார்.