மதிலைக் கடக்கும் மருந்து

கோட்டையைப் பிடிக்க வரும் படைக்கு வாளும் வேலும் மட்டும் போதுமா? வாயில் எங்கே, அதன் அகலம் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டுமன்றோ! கிருமிகளைக் கொல்லும் மருந்துகளின் நிலையும் இதுவே என்பதை இவ்வாண்டு உயிரியல் வகுப்பில் கற்று நாங்கள் வியந்தோம்.

1884ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் கிராம், பாக்டீரியாக்களைச் சாயமேற்றி இரு வகையாகப் பிரித்தறியும் முறையை வெளியிட்டார். ஊதாச் சாயத்தை இருத்திக்கொள்பவை ஒரு வகை. இழந்துவிடுபவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு வெளிப்புறத்தில் இன்னுமொரு சவ்வு, மதில்போல் அமைந்துள்ளது. அதில் 'போரின்' என்னும் புரதங்களாலான நுண்துளைகள் உண்டு. சுமார் 600 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அவற்றில் நுழைவது அரிது. வான்கோமைசினின் எடையோ ஏறத்தாழ 1,450 டால்டன்! ஆகவே, பிற கொடிய கிருமிகளை அழிக்கும் அம்மருந்து, ஈ. கோலைக் கிருமியின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நுழைந்த மருந்தையும் வெளியே தள்ளிவிடும் பம்புகள் அக்கிருமிக்கு உண்டு.

சென்ற ஆண்டு எங்களுள் ஒருத்தியின் பாட்டி சிறுநீர்த் தொற்றால் மருத்துவமனையில் இருந்தார். காரணம் ஈ. கோலை. பரிசோதனைத் தாளில் அக்கிருமி கட்டுப்படாத மருந்துகளே மிகுதி. மூன்றாவதாகக் கொடுத்த மருந்தே அவரைக் காத்தது. அதைக் கேட்டபின் இப்பாடம் எங்களுக்குத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் தோன்றவில்லை.

எம்மருந்து உள்ளே நுழையும் என முன்னரே கணிக்க இயலுமா? 1961இல் புழக்கத்திற்கு வந்த ஆம்பிசிலின் ஒரு குறிப்பைத் தந்தது. பென்சிலினுடன் ஓர் அமினோ தொகுதி சேர்ந்ததும், முன்பு எட்டாத சில கிருமிகளையும் அது எட்டியது. 2017இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்கன்ரோதர் குழுவினர் 180க்கு மேற்பட்ட சேர்மங்கள் ஈ. கோலைக்குள் எவ்வளவு சேர்கின்றன என்று அளந்தனர். அமீன் தொகுதி இருக்கவேண்டும்; வடிவம் உருண்டையாயிராமல் தட்டையாயிருக்கவேண்டும்; எளிதில் வளைந்தாடாமல் விறைப்பாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட விதி. அவ்விதிப்படி, முதல் வகைக் கிருமிகளை மட்டுமே கொன்றுவந்த ஒரு சேர்மத்தை மாற்றியமைத்தனர். ஆய்வுக்கூடத்தில் அது இரண்டாம் வகைக் கிருமிகளையும் கொன்றது! ஆயினும், சூடோமோனாஸ் கிருமியின் வாயில்கள் இன்னும் இறுக்கமானவை. அங்கே இவ்விதி அப்படியே பொருந்துவதில்லை.

அன்புத் தோழியரே! ஒரு மருந்து மதிலைக் கடக்க அறிஞர் பல்லாண்டு உழைக்கின்றனர். மருத்துவர் எழுதித் தராமல் அதைக் கடையில் வாங்கி விழுங்கினால், எதிர்த்து நிற்கக் கிருமிக்கு நாமே பயிற்சி அளித்தவர்களாவோம். கையிலுள்ள மருந்தைக் காப்பது நம் கடமை. புதியதைக் காணும் பணியோ நம்முள் சிலருக்காகக் காத்திருக்கிறது!

— பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவியர்