தியத்தலாவை முகாமும் அதன் பெயர்களும்

பெரகலச் சந்தியில் கொழும்பு வீதி இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வெல்லவாயாவை நோக்கி இறங்க, மற்றது அப்புத்தளைக்கு ஏறுகின்றது. அப்புத்தளைக்கு அப்பால் உள்ளது தியத்தலாவை. எங்கள் தோட்டத்து முதியோர் அவ்வூரைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ‘பட்டாளம்’ என்பர், அவ்வளவே.

சிங்களத்திலே ‘திய’ நீரையும் ‘தலாவ’ புல்வெளியையும் குறிக்கும். படைகள் வந்தன, போயின. நீரும் புல்லும் தந்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அருகிலுள்ள குன்றுக்கோ அந்நியப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘பொக்ஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அதன் சரிவிலே வெண்கற்களால் நரியுருவொன்றை அமைத்தனர். அன்று முதல் அது ‘பொக்ஸ் ஹில்’. கடலையே காணாத குன்றுக்குக் கப்பலின் பெயர்!

புகையிரதம் 1893இல் அப்புத்தளையை எட்டியிராவிடின் இம்முகாம் இங்கு தோன்றியிருக்குமா என்பது ஐயமே. 1900இல் தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பட்ட போவர்களைப் பிரித்தானியர் இலங்கைக்குக் கொணர்ந்தனர். வந்தோர் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுட் பெரும்பாலானோருக்குத் தியத்தலாவையின் தகரக் கொட்டகைகளே வீடாயின. பின்னர் இரு உலகப் போர்களின்போதும் ஜெர்மானியர் இங்கு தடுத்து வைக்கப்பட்டனர். ஜெர்மனியிற் பிறந்த பௌத்தத் துறவி ஞானதிலோக தேரர் இருமுறையும் அவர்களுள் ஒருவராயிருந்தார். துறவாடைக்கும் விலக்கு இருக்கவில்லை.

1949 ஒக்டோபர் 10ஆந் திகதி இலங்கை இராணுவம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டே அதன் பயிற்சி நிலையம் தியத்தலாவையில் அமைந்தது. இன்று இராணுவக் கல்விக்கழகமாக அது இயங்குகின்றது. நாட்டுக்கெனப் படையொன்று அமைவதற்கு ஓராண்டு முன்னரே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்முகாமைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்களை நாடற்றவராக்கியிருந்தது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

முகாமிலே மாண்ட போவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்கள் அடக்கம் பெற்ற இடத்தில் நினைவுச்சின்னம் நிற்கின்றது. கைதிகளாக வந்து ஓரிரண்டு ஆண்டுகளே இருந்தவர்கள். அவர்களை நினைவு கூர்வதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால், அம்மலையின் மறுபக்கத்திலே, காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட தலைமுறைகளின் புதைகுழிகள் எங்கே? எங்கள் பாட்டனாரின் தந்தையார் புதையுண்ட இடத்தைக் கேட்டால், ‘அந்த மலையில் எங்கோ’ என்று தேயிலை நிரைகளைக் காட்டுவார்கள். அம்மலைக்குத் தோட்டப் பதிவேட்டில் ஓர் எண் மட்டுமே உண்டு.