நால்வகை விடை

ஆடி 2, திருக்கடையூர்

மனிதர் கேட்கும் கேள்விகளுக்கு மனிதர் பேசும் பாஷையிலேயே விடையளிக்கும் சம்பாஷணை முகவர்களை அமைப்பதற்கு உதவும் 'ரேசா' என்னும் மென்பொருளுக்கு, இவ்வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களை மனத்திற்கொண்டு, தமிழில் ஒரு கையேடு எழுதும் காரியத்தை இன்று தொடங்கியிருக்கிறேன். 2016-இல் பெர்லின் நகரில் தோன்றிய ஒரு நிறுவனம் பைத்தான் மொழியில் இயற்றி, யாவரும் எடுத்தாளும்படி மூலநிரலைத் திறந்துவைத்த கருவி அது. கேட்பவரின் உத்தேசத்தை 'இன்டென்ட்' என்றும், விடை சொல்லுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரத்துக்கு ஒதுக்கிய இடத்தை 'ஸ்லாட்' என்றும், உரையாடல் நடந்து செல்லும் மாதிரி வழியை 'ஸ்டோரி' என்றும் அதில் வழங்குவர். இவற்றை வரையறுத்துச் சொல்வது சிரமமன்று. ஆயினும், கருவியின் உறுப்புகளை விளக்குவதோடு நில்லாமல், நல்ல விடை என்பது எப்படியிருக்க வேண்டும் என்ற விவேகத்தையும் சேர்த்துப் புகட்டுவதே கையேட்டின் தர்மம் என்பது என் அபிப்பிராயம்.

ஆடி 6

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்நோக்கியே குறுவைக்குக் கணக்குப் போடும் கடைமடைப் பிரதேசம் இது. ஆகையால் உதாரணத்துக்கு நெல் சாகுபடி பற்றிய முகவரையே தேர்ந்துகொண்டேன். எதிர்வீட்டுப் பெரியப்பா விஷயத்தை விசாரித்துவிட்டு, "ஏன் தம்பி, நாத்து எப்பப் பறிக்கலாம்னு யாராச்சும் கேட்டா, எந்த ரகம்னுதான் நான் மொதல்ல கேப்பேன். ஒன் மிஷினு கேக்குமா?" என்றார். "கேக்க வைக்கலாம் பெரியப்பா. அது எழுதுறவங்க கையிலதான் இருக்கு" என்றேன்.

ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்று ஏற்றது; சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்துக்கு அதனினும் முதிர்ந்த நாற்று வேண்டும். ரகத்தை அறியாமல் சொல்லும் எண், எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டாலும், ஒரு போகத்தையே பாழாக்க வல்லது. எனவே, 'ரகம்' என்ற ஸ்லாட் நிரம்பும்வரை முகவர் கேட்டுக்கொண்டேயிருந்து, நிரம்பிய பிறகே விடை கூறும்படி அமைக்கும் 'ஃபார்ம்' என்னும் உபாயத்தை, வரிக்கு வரி எழுதிக் காட்டினேன்.

ஆடி 10

குறுவைக்கு, குறுவையில், குறுவையை என்று நாம் எழுதும்போது, இடைவெளியைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு அவை உறவற்ற மூன்று சொற்களாகவே தோன்றும். இதற்கும் ரேசாவின் இயல்பான அமைப்பிலேயே ஒரு பரிகாரம் உண்டு: சொல்லை முழுமையாக எண்ணுவதோடு, ஒன்று முதல் நான்கு குறியீடுகள் வரை நீளமுள்ள துண்டுகளாக வெட்டியும் எண்ணுவதால், பொதுவான துண்டுகளைக் கொண்டு அம்மூன்றின் உறவும் புலப்படுகிறது. ஆனால் யூனிகோடில் 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஆகவே 'குறு' என்ற இரண்டு எழுத்துகளே அந்த நான்கையும் நிரப்பிவிடுகின்றன. ஆதலால் தமிழுக்கு இவ்வரம்பை உயர்த்திப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பதை, காரணத்தோடு எழுதிவைத்தேன். காரணத்தை அறிந்த மாணவன், நாளை வேறொரு கருவியைக் கையாளும்போதும் இதே சிக்கலை இனங்கண்டுகொள்வான்.

ஆடி 15

இவ்வூருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பூம்புகாரில் தொடங்கி விரியும் மணிமேகலையின் இறுதிக் காதையில், அறவண அடிகள் விடை நான்கு வகைப்படும் என்று உபதேசிக்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. இன்று அப்பகுதியை மறுபடி படித்தபோது, என் கையேட்டின் அத்தியாயப் பகுப்பு அங்கேயே வகுக்கப்பட்டிருப்பதை உணர்ந்து பெருமகிழ்ச்சி கொண்டேன். ஐயத்துக்கு இடமில்லாத கேள்விக்கு ஒரே விடையை நிர்ணயிக்கும் 'ரூல்' துணிந்து சொல்லல். ரகத்துக்கு ஏற்ப விடையைப் பிரித்துரைப்பது கூறிட்டு மொழிதல். கேட்டவரிடமே விவரம் கேட்டுத் தெளிவது வினாவின் விடுத்தல். 1966-இல் ஜோசப் வைசன்பாம் இயற்றிய எலைசா நிரலும் கேள்வியைக் கேள்வியாகவே திருப்பியது. ஆனால் அறிந்து விடை சொல்லும் பொருட்டு அது கேட்கவில்லை. கேட்டதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுதிவைக்காத கேள்விக்கு என் கையேட்டில் இடமில்லை.

ஆடி 20

நான்காவதாகிய வாய்வாளாமைக்கு அறவண அடிகள் தரும் உதாரணம், ஆகாயப்பூ பழையதா புதியதா என்னும் கேள்வி. ரேசாவில் இதற்கு நிகராகச் செய்யக்கூடியது 'ஃபால்பேக்': உத்தேசம் இன்னது என்பதில் இயந்திரத்துக்குள்ள உறுதி 0.3-க்குக் குறைந்தாலும், முதலிரண்டு உத்தேசங்களின் வித்தியாசம் 0.1-க்குக் குறைந்தாலும், அது ஊகிப்பதை விட்டு அவ்வழியில் திரும்புவதே இயல்பான ஏற்பாடு. எதைக் கேட்டாலும் சரளமாக எழுதித் தள்ளும் பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு முகவர்கள் ஆக்கப்படும் இக்காலத்தில், இந்த அடக்கத்தைக் கற்பிப்பது முன்னைக் காட்டிலும் அவசியமாகிவிட்டது.

இரண்டு பூச்சிமருந்துகளைக் கலந்து தெளிக்கலாமா என்று ஒரு விவசாயி கேட்டால், முகவர் ஊகித்துச் சொல்லாமல், செம்பனார்கோயில் வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, 2004 முதல் இயங்கிவரும் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணையோ காட்டி விலகிக்கொள்ள வேண்டும். கையேடுகளில் பிழை கையாளும் பகுதியைக் கடைசியில் வைப்பது வழக்கம். நான் அதை முதல் அத்தியாயமாக்கிவிட்டேன். இயந்திரத்தைப் பேச வைக்கக் கற்பதற்கு முன்பே, அது எங்கே பேசக்கூடாது என்பதை மாணவன் தன் கைப்பட எழுதிப் பழக வேண்டும். ஏனெனில், தவறான விடைக்குரிய நஷ்டம், அதை எழுதியவனுக்கன்றி, நம்பி நாற்றுப் பறித்தவனுக்கே போய்ச் சேர்கிறது.