பத்து பவுண்டுக்கு ஒரு வீடு

இங்கிலாந்தில் சஸெக்ஸ் பக்கம் ஆல்ஃப்ரிஸ்டன் என்று ஒரு கிராமம். அங்கே 14-ம் நூற்றாண்டு வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. பாதிரியார்கள் குடியிருந்ததால் பேர் ‘க்ளெர்ஜி ஹவுஸ்’.

ஓக் மரச் சட்டம், இடையிடையே மண் பூசிய சுவர், மேலே கூரை வேய்ந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மாடி உண்டு, நடுக்கூடத்துக்குக் கிடையாது. அண்ணாந்தால் நேரே கூரைதான். கட்டினபோது புகைபோக்கியும் இல்லை. கூடத்தின் நடுவிலேயே தீ மூட்டுவார்கள். புகை தானே வழி கண்டுபிடித்துப் போகவேண்டியதுதான். தரை இன்னும் விசேஷம். சாக்பீஸ் மாதிரியான வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பால் விட்டுக் கெட்டிப்படுத்தியது.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் வீடு இற்றுப்போக, இடித்துவிடலாம் என்று திருச்சபையே சொல்லிவிட்டது. ஊர்ப் பாதிரியார் பெய்னன் விடவில்லை. காப்பாற்றச் சொல்லி அலைந்தார். முந்தின வருஷம்தான் ஆரம்பித்திருந்த நேஷனல் டிரஸ்ட், 1896-ல் அதை வாங்கியது. அவர்கள் வாங்கின முதல் கட்டடம் அதுதான். விலை வெறும் 10 பவுண்ட். ரிப்பேர் செலவு அதைப்போலப் பல மடங்கு!

ராஜாவின் அரண்மனை என்றால் காப்பாற்ற நூறு பேர் வருவார்கள். சாதாரண மனுஷன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாழ்ந்த வீட்டுக்கு, யாராவது ஒருத்தர் முதலில் ‘இடிக்காதீங்க’ன்னு சொல்லணும்.