நன்னீர்த் திருக்கையும் நீர்க்காவலும்

இல்லங்களில் உயிர்களை வளர்ப்போர் அவற்றிற்கு உணவிடுவதையே பெருங்கடமையாக எண்ணுவர். கிளிக்குப் பழமும் பசுவுக்குப் புல்லும் அளித்தால் கடமை பெரும்பாலும் முடிந்ததென்பர். மீனை வளர்ப்பவன் கடமையோ வேறு. மீன் உண்பதும் நீரில்; மூச்சு விடுவதும் நீரில்; கழிப்பதும் அந்நீரிலேயே. ஆகவே, மீனை வளர்ப்பவன் உண்மையில் வளர்ப்பது நீரையே ஆகும். இதனை எனக்கு உணர்த்தியது, சென்னையில் என் தாய்மாமன் இல்லத்தில் வளரும் ஒரு நன்னீர்த் திருக்கை. செய்யுளும் இலக்கணமும் பயிலும் யான் வேதிநூலை முறையாகக் கற்றவன் அல்லேன்; விடுமுறை நாட்களில் கண்டும் கேட்டும் பின்னர்ப் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதலுற்றேன்.

திருக்கை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது கடல்மீனே. ஆயினும், தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ, பரானா முதலிய ஆறுகளில், கடலைக் காணாமலே பிறந்து வாழும் திருக்கையினங்கள் பல உள. மாமா வளர்ப்பது மோட்டோரோ என்னும் இனம். தவிட்டுநிற மேனியில், கருவளையம் சூழ்ந்த மஞ்சட்புள்ளிகள் அதற்கு அழகு செய்யும். மணலுள் உடலைப் புதைத்துக் கண்களை மட்டும் வெளிக்காட்டிக் கிடக்கும். அந்நிலையிலும், கண்களுக்குப் பின்னுள்ள துளைகளின் வழியே நீரை உள்ளிழுத்து மூச்சு விடும்.

கடல் திருக்கைகள் யூரியா என்னும் கழிவுப்பொருளைக் குருதியிலே தேக்கிவைத்து, அதன் துணையால் உப்புநீரில் உடல் வறளாதவாறு காத்துக்கொள்கின்றன. ஆற்றுத் திருக்கைகளிடம் அவ்வியல்பு இல்லை. அவற்றின் குருதியில் யூரியா மிகக் குறைவென்பதை 1967-ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். அவை தம் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள்வழியே நீரில் விடுகின்றன. இறாலும் புழுவும் மிகுதியாக உண்ணும் உயிராதலின் அக்கழிவும் மிகுதி. ஆற்றில் அதனை வெள்ளம் கொண்டுபோகும். தொட்டியில் அஃது எங்கே போகும்?

கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே ஆங்குத் தோட்டிகளாய் நிற்கின்றன. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியா செவுளைப் புண்படுத்தும். நைட்ரைட்டு, குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். நைட்ரேட்டின் தீமை குறைவு. வாரந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றுவதால் அது நீங்கும். இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை வேண்டும். ஆகலின், தொட்டி வாங்கிய அன்றே திருக்கையையும் வாங்கி விடுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசுவதும் ஆகாது, தோட்டிகள் மடிவர். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும்.

இனி, நீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பீ.எச். என்னும் அளவு ஒன்றுண்டு. 1909-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் சோரென்சன் வகுத்தது. ஏழு நடுநிலை, குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் மாறினால் அமிலச் செறிவு பத்து மடங்கு மாறிவிடும். அமோனியாவின் நஞ்சும் இவ்வளவையே பற்றி நிற்கிறது. அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாக இருக்கும். 25 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 ஆயின், ஆயிரத்தில் ஏறக்குறைய 6 பங்கே நஞ்சு வடிவில் நிற்கும். 8 ஆயின் ஏறக்குறைய 54 பங்கு அவ்வடிவை அடையும்.

சென்ற கோடை விடுமுறையில் இவ்வெண்கள் உயிர் பெற்று என் கண்முன் நின்றன. எப்பொழுதும் 7-ஐ ஒட்டி நின்ற தொட்டியின் பீ.எச். ஒருநாட் சோதனையில் 6-க்கு அருகில் இறங்கியிருந்தது; அமோனியாச் சோதனைக் குழாயில் மஞ்சளாய் நிற்க வேண்டிய நீர் பச்சையாயிற்று. நுண்ணுயிர்கள் தம் தொழிலைச் செய்யும்போது நீரின் காரச் சேமிப்பைச் செலவிடுகின்றன. மாமா பெரும்பாலும் ஆர்.ஓ. நீரையே ஊற்றி வந்தமையால் அச்சேமிப்புத் தீர்ந்து, நீர் புளித்தது, புளித்த நீரில் நுண்ணுயிர்களும் தளர்ந்தன, அமோனியா தேங்கிற்று.

அன்று வந்திருந்த நண்பர் ஒருவர், நீர் முழுவதையும் இறைத்துவிட்டு ஆழ்துளைக் கிணற்றின் புதுநீரை நிரப்புமாறு கூறினார். கேட்டார்க்கு அது நல்லுரையாகவே தோன்றும். மாமாவோ அக்கிணற்று நீரைச் சோதித்தார், பீ.எச். 8. பின்பு என்னை நோக்கி, “தம்பி, பழைய நீர் இதனை இன்னும் கொல்லவில்லை, அவசரப்பட்டு ஊற்றும் நல்ல நீர் கொன்றுவிடும்” என்றார். தொட்டியில் சிறிது பழைய நீர் எஞ்சினாலும், அதிலுள்ள அமோனியம் கார நீர் கலந்தவுடன் நஞ்சாகும்; அதனோடு, நீரின் திடீர் மாற்றமும் அம்மெல்லுடலைத் தாக்கும் என்று விளக்கினார்.

அன்று முதல் உணவைக் குறைத்தோம். கிணற்று நீரைச் சிறிதளவே ஆர்.ஓ. நீரோடு கலந்து, தொட்டி நீரின் பீ.எச்.சுக்கும் வெப்பத்துக்கும் அருகில் வருமாறு செய்து, நாடோறும் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றினோம். காலைதோறும் சோதித்து ஏட்டில் குறிப்பது என் பணி. அமோனியா வடிந்த பின்னரே கிணற்று நீரின் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். துன்புறும் திருக்கை தன் வட்டுடலின் விளிம்பை மேல்நோக்கிச் சுருட்டும் என்பர். அக்குறி தோன்றுமோ என அஞ்சி இரவிலும் எழுந்து பார்த்தேன். தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் பீ.எச். மீண்டும் 7-ஐ அடைந்தது. திருக்கை இறாலுக்காக மணலை உதறி எழுந்தது.

வளர்க்க விரும்புவோர் மேலும் சில அறிதல் நலம். குழாய்நீரைக் குளோரின் நீக்கியே ஊற்றுக. செம்பு கலந்த மருந்துகளைத் தொட்டியில் இடற்க. நீர் மாற்றுமுன் வெப்பமூட்டியின் மின் இணைப்பை நீக்குக. வாலில் நச்சுமுள் உண்மையால், மணலுட் கையை நுழைத்தல் தகாது. இவ்வுயிர் அரை மீட்டர் அகலத்துக்கும் வளரும். அதற்கேற்ற பெருந்தொட்டி அமைக்க இயலாதார் இதனை வாங்காதிருப்பதே அறம்.

வெண்பாவில் ஒரு சீர் பிழைபடின் தளை கெடும். அதனைத் திருத்தப் புகுந்து பாட்டு முழுவதையும் அழிப்பார் இலர். எச்சீர் பிழையென ஆய்ந்து அதனையே மாற்றுவர். நீர்க்காவலும் அத்தகையதே. முதலில் அளத்தல், பின்பு காரணம் அறிதல், அதன்பின் மெல்லத் திருத்தல் என்னும் இவ்வொழுங்கு மாறின், அன்புடைய கையும் உயிர்க்கு ஊறு செய்யும். அன்புக்குப் பொறுமையும் வேண்டும் என்பதனை, நேயர்காள், பேசா உயிர் ஒன்றிடமிருந்து யான் கற்றேன்.