சிலந்தி

பிரசங்கியார் என்றாலே கையை உயர்த்தி, குரலை ஏற்றி இறக்கிப் பேசுகிறவர் என்றுதான் நமக்கு நினைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில், அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது வாழ்ந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அந்த ரகம் அல்லர். எழுதி வைத்துக்கொண்டு, ஆர்ப்பாட்டமில்லாமல் பேசுகிறவர். ஆனாலும் 1741 ஜூலை 8ந் தேதி, என்ஃபீல்டு என்ற ஊரில் அவர் பேசியபோது, கேட்டவர்கள் கதறிய கதறலில் பேச்சையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்படி என்ன சொல்லிவிட்டார்? நெருப்பின்மேல் ஒருவன் சிலந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கையை விட்டால் போயிற்று. அந்தச் சிலந்தி நீதான் என்றார். அவ்வளவுதான்.

இதே மனிதர் 1723ல், இருபது வயதில், சிலந்தி காற்றில் நூல் விட்டு மரத்துக்கு மரம் போகும் விதத்தைப் படம் வரைந்து காட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பூச்சிக்குக்கூட உல்லாசத்தைக் கொடுத்திருக்கிறானே கடவுள் என்று அதில் வியக்கிறார். அன்று ஆசையோடு பார்த்த சிலந்தியைத்தான் பிற்பாடு நெருப்பின்மேல் பிடித்துக் காட்டினார். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கண்ணால் பார்த்து எழுதியதற்கு உள்ள பலம் எனக்குத் தெரியும். அந்தப் பலம் இங்கே பயத்தைத் தருகிறது.

காரணம் உண்டு. என்ஃபீல்டுக்கு ஆறு வருஷம் முந்தி, அவருடைய சொந்தச் சபையான நார்த்தாம்ப்டனில் ஒரு பெரிய பக்தி எழுச்சி. ஆறு மாதத்தில் முந்நூறு பேருக்குமேல் மனம் திரும்பினார்கள் என்பது அவர் கணக்கு. அந்த அலையின் உச்சியில், 1735 ஜூன் 1ந் தேதி, அவருடைய தாயின் சகோதரியை மணந்திருந்த ஜோசப் ஹாலி, தன் ஆத்துமாவுக்கு விமோசனமில்லை என்ற ஏக்கத்தில் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார். எட்வர்ட்ஸ் இதை மறைக்கவில்லை. எழுச்சியைப் பற்றி எழுதி 1737ல் லண்டனில் அச்சான புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார். பழியை மட்டும் அந்தக் குடும்பத்து மனச்சோர்வின்மேலும் சாத்தான்மேலும் போட்டுவிட்டார். எனக்கு அது போதவில்லை.

ஜான் வெஸ்லி 1738ல் படித்து உருகியது இந்தப் புத்தகத்தைத்தான். இங்கிலாந்தின் எழுச்சிக்கும் அது வித்தாயிற்று.

ஹாலியின் மகனுக்கும் ஜோசப் என்றே பெயர். தகப்பன் சாகும்போது அவனுக்கு 11 வயது. நற்கருணையில் யாரைச் சேர்ப்பது என்ற தகராறில் 1750ல் சபை எட்வர்ட்ஸை விலக்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். தாம் செய்தது பாவம் என்று அவர் பகிரங்கக் கடிதம் எழுதியது 1760ல். மன்னிக்க வேண்டியவரோ 1758லேயே அம்மைப்பால் வைத்துக்கொண்டதில் போய்விட்டார். கற்பனையில் இப்படி எழுதினால், ஜோடனை என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்!

இலக்கியமும் இந்த மனிதரை விடவில்லை. ராபர்ட் லோவெல் 1946ல் வெளியிட்ட கவிதைத் தொகுதியில் அவரைப் பற்றி இரண்டு கவிதைகள். ஒன்று அந்தச் சிலந்தி. மற்றது ஹாலியின் சாவு. அதைப் பிரசங்கியாரே கடிதமாக எழுதிச் சொல்கிறார்.