புல் வெட்டும் மெஷினும் பறக்கும் விமானமும்

புல் வெட்டும் மெஷினைப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் காலி மனைகளில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் புல்லை, தோளில் மாட்டிக்கொண்டு பெரும் இரைச்சலோடு வெட்டுவார்களே, அதுதான். கடைக்காரர்கள் பிரஷ் கட்டர் என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு இன்றும் முதலில் வாயில் வருவது 'தெப்ருசாயேஸ்' என்ற வார்த்தை. பிரெஞ்சில் அது பெண்பால். புதரை அகற்றுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளின் என்ஜினைக் கழற்றி ஒரு பெரிய மாடல் விமானத்தில் பொருத்த முடியும் என்பது எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

எங்கள் தெரு நலச்சங்கத்தின் மெஷின் ஒன்று, நீளக் குழாயின் முனையில் இருக்கும் கியர் உடைந்து, பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது. பொறியியல் படிக்கும் என் பேரன் 800 ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்துவிட்டான். 43 சிசி, டூ ஸ்ட்ரோக். "இது பறக்கும் தாத்தா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சார்ஜன்ட் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரிக்கவில்லை. "வெளிநாட்டில் ரொம்ப வருஷமாகச் செய்கிறார்கள் சார். மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் மாற்றிப் பறக்க விடுகிறார்கள்" என்றார்.

ஏன் இந்த என்ஜின்? என் வயதுக்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் போதும். டிவிஎஸ் 50 வண்டியைக் கீழே படுக்க வைத்தால் என்ன ஆகும்? பெட்ரோல் ஒழுகும், என்ஜின் நின்றுவிடும். அதன் கார்புரேட்டரில் மிதவை இருக்கிறது. அது நேராக நின்றால்தான் வேலை செய்யும். மரம் அறுப்பவரோ மெஷினைச் சாய்ப்பார், பக்கவாட்டில் பிடிப்பார், தலைகீழாகக்கூடத் திருப்புவார். அதனால் இந்தத் தோட்ட மெஷின்களில் மிதவைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் இருக்கும். எப்படித் திருப்பினாலும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். கரணம் அடிக்கும் விமானத்துக்கு வேண்டியதும் அதுதானே! தீப்பொறிக்கு பேட்டரியும் தேவையில்லை. சுழலும் சக்கரத்தில் உள்ள காந்தமே மின்சாரத்தை உண்டாக்கிக் கொடுத்துவிடும்.

இன்னொரு காரணம் எரிபொருள். சிறிய மாடல் விமான என்ஜின்கள் பல மெத்தனாலில் ஓடுபவை. அதோடு விளக்கெண்ணெயும் நைட்ரோமீத்தேனும் சேர்ப்பார்கள். மெத்தனால் என்றால் என்ன என்று 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நமக்குக் கொடுமையாகச் சொல்லிக் கொடுத்தது. அதை வாங்கவும் வைத்திருக்கவும் நம் மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டும். 1959-ம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. ஒரு மாணவன் அதைத் தேடி அலையவே கூடாது. புல் வெட்டும் என்ஜினுக்கு பங்க் பெட்ரோலும் 2டி ஆயிலும் போதும். ஒரு லிட்டருக்கு 40 மில்லி ஆயில், அதாவது 25-க்கு 1. பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாசனை நினைவிருக்கும்.

வேலை எங்கள் வீட்டு கார் ஷெட்டில் மூன்று மாதம் நடந்தது. முதலில் கழித்தல் கணக்கு. கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் மூடி, டேங்க், கிளட்ச், பெரிய சைலன்சர் எல்லாம் கழன்றன. மளிகைக் கடைத் தராசில் 3 கிலோ 700 கிராம் இருந்தது 2 கிலோ 100 கிராமுக்கு இறங்கியது. பிளைவீலில் இருக்கும் விசிறி இறக்கைகளை லேத் பட்டறையில் சீவி எடுத்தார்கள். அதில் காந்தம் ஒரு பக்கமும் அதற்கு ஈடான எடை எதிர்ப்பக்கமும் இருக்கும். அந்தச் சமநிலை கெட்டால் என்ஜின் அதிர்ந்தே தன்னை உடைத்துக்கொள்ளும் என்று சார்ஜன்ட் சார் பட்டறையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். பிறகு எலீஸைப் பிடிக்க ஒரு அலுமினிய ஹப் கடைந்தார்கள். (புரொப்பல்லருக்கு நான் படித்த பெயர் எலீஸ். பேரனும் இப்போது அப்படித்தான் சொல்கிறான்.) என்ஜின் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்த பிறகுதான் எலீஸ் வாங்க வேண்டும். நாங்கள் வாங்கியது 20 அங்குல மர எலீஸ். விசிறி போய்விட்டதால், எலீஸ் தள்ளும் காற்றுதான் இனி என்ஜினைக் குளிர வைக்கும். எலீஸ் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது.

ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு முன்னால் சார்ஜன்ட் சார் பேரனை ஒரு கணக்குப் போடச் சொன்னார். 20 அங்குல எலீஸ் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றினால் அதன் நுனி என்ன வேகத்தில் போகும்? மணிக்குச் சுமார் 670 கிலோமீட்டர். கண்ணுக்கோ ஒரு மங்கலான வட்டம் மட்டும் தெரியும். "விரலை வைத்தால் விரல் இருக்காதுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்ஜினைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கினோம். எலீஸின் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. கையால் சுழற்றக் கூடாது, ரப்பர் சுற்றிய கட்டையால்தான் தட்ட வேண்டும். நிறுத்தும் சுவிட்ச் பின்னால் நிற்பவர் கையில். ஆறாவது தட்டலில் பிடித்துக்கொண்டது. தொங்கு தராசு எட்டு கிலோவுக்கு மேல் இழுவை காட்டியது. என் மனைவி உள்ளேயிருந்து வந்து, காயப்போட்ட துணியெல்லாம் பறந்துவிட்டது என்று சத்தம் போட்டாள்.

உண்மையான பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. விமானம் எட்டு கிலோவில் தயார். வரும் ஞாயிறு காலை இங்கேயே ஒரு மைதானத்தில் பறக்க விடலாம் என்றான் பேரன். சார்ஜன்ட் சார் முடியாது என்றார். சேலையூர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், மறுபக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 25 கிலோ வரையிலான மாடல் விமானங்களும் அடக்கம். வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். நம் பகுதியில் நினைத்த இடத்தில் பறக்க விட முடியாது. "ஐந்து நிமிஷம்தானே தாத்தா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றான். எட்டு கிலோ எடையும் ஒரு டேங்க் பெட்ரோலும் யார் வீட்டு மாடியில் விழும் என்று கேட்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் நான் அவனுக்காக ஒரு பழைய கதையைத் தேடி எடுத்து வைத்தேன். நம் பல்லாவரத்தில் 1910-லேயே ஒரு விமானம் பறந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ தி ஏஞ்சலிஸ், கார்சிகா தீவைச் சேர்ந்தவர், சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு தானே வடிவமைத்துக் கட்டியது. அதிலிருந்ததும் ஒரு சின்ன என்ஜின்தான். அந்த மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு மக்களுக்கும் காட்டினார். அவருக்குக் காலி நிலம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. இன்று அதே நிலத்தில் வீடு மேல் வீடு. அவர் செய்ததை நாம் அப்படியே செய்ய முடியாது, ஆனால் செய்ய வழி இருக்கிறது என்று சொன்னேன்.

வழியை நான் கண்டுபிடித்தது என் தொழில் புத்தியால். வருஷக்கணக்கில் கோப்பு பார்த்தவனுக்கு விதியைக் கடைசி வரை படிக்கும் பழக்கம் உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காக, பச்சை மண்டலத்தில், தங்கள் சொந்த வளாகத்துக்குள் பறக்க விட அதே விதிகளில் இடம் இருக்கிறது. பேரனின் கல்லூரி ஊருக்கு வெகு தொலைவில், பெரிய மைதானத்தோடு இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர் சம்மதித்தார். மாடல் விமானம் ஓட்டிப் பழகிய ஆசிரியர் ஒருவரே ரிமோட்டைப் பிடித்தார். ஆறு நிமிடம் பறந்தது. புல் வெட்டும் சத்தம் மேலே வானத்திலிருந்து கேட்டது. பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இதே அளவில் வெளிநாட்டு மாடல் என்ஜின் விலை விசாரித்தபோது முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். எங்களுக்கு லேத் கூலி, எலீஸ் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆகவில்லை. அதைவிடப் பெரிய லாபம், ஒரு என்ஜினை முழுவதும் பிரித்துப் பார்த்த பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். உங்கள் வீட்டிலும் பழைய மெஷின் ஏதாவது மூலையில் கிடந்தால் எடைக்குப் போடும் முன் பேரப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் என்ஜின் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பறக்க விட அனுமதியுள்ள இடம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மெஷின் புல்லே வெட்டட்டும்.